முதலில் ரீஸ்டோரை நிறுத்துங்கள்

2000 செப்டம்பரில் வந்த விண்டோஸ் எம்இ, வாங்கியவர்களிடம் திட்டு வாங்கியே காலம் தள்ளிய பதிப்பு. ஆனாலும், இன்றுவரை நிலைத்திருக்கும் ஒரு வசதி அதில்தான் அறிமுகமானது: சிஸ்டம் ரீஸ்டோர்.

அதற்கு முந்தைய விண்டோஸ் 98, தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியின் நகல்களைச் சேமித்து வைத்தது, வழக்கமாக ஐந்து. புதிய டிரைவர் ஒன்று சிஸ்டம் கோப்புகளைக் குலைத்துவிட்டால் அந்த நகல்கள் போதவில்லை. எம்இ அந்தக் கோப்புகளையும் சேர்த்துப் பாதுகாத்தது. அப்படிச் சேமித்த நிலைதான் ‘ரீஸ்டோர் பாயின்ட்’. நேற்றையதைத் தேர்ந்தெடுத்தால் கணினி நேற்றைய நிலைக்குத் திரும்பும். எழுதிவைத்த கடிதங்களுக்கு ஒன்றும் ஆகாது.

அதிலும் ஒரு கோளாறு. 2001 செப்டம்பர் 8க்குப் பிறகு உருவான ரீஸ்டோர் பாயின்ட்கள் வேலை செய்யவில்லை. மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

எக்ஸ்பி காலத்தில் வேறொரு சிக்கல் முளைத்தது. வைரஸ் புகுந்த கோப்பையும் ரீஸ்டோர் விசுவாசமாகச் சேமித்தது. சேமித்தவை இருந்த ஃபோல்டரை விண்டோஸ் பூட்டி வைத்திருந்ததால் ஆன்டிவைரஸால் உள்ளே கைவைக்க முடியவில்லை. பழைய நிலைக்குத் திரும்பினால் வைரஸும் திரும்பி வரலாம். எனவே 2003இல் பிளாஸ்டர் என்ற கணினிப் புழு பரவியபோது ஆன்டிவைரஸ் நிறுவனமான சைமன்டெக் தந்த வழிமுறையிலும் ‘சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்துங்கள்’ என்ற படி இருந்தது. நிறுத்திய கணமே சேமித்தவை அனைத்தும் அழிந்தன. இடம் போதாதவர்களும் அதை நிறுத்தினார்கள்: டிஸ்க்கில் 12 சதவீதம் வரை அது எடுத்துக்கொள்ளும். 40 ஜிபி டிஸ்க்கில் அது ஏறக்குறைய 5 ஜிபி!

விஸ்டாவில் ரீஸ்டோர், ‘ஷேடோ காப்பி’ தொழில்நுட்பத்துக்கு மாறியது. பயனரின் சொந்த ஆவணங்களின் பழைய வடிவங்களைக்கூட அந்த நகல்களிலிருந்து எடுக்க முடிந்தது. பணம் பறிக்கும் ரான்சம்வேர்காரர்களுக்கு இது இடைஞ்சல்; பழைய நகல் கையில் இருப்பவர் எதற்குப் பணம் கட்டப்போகிறார்? 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாக்ரை ரான்சம்வேர், விண்டோஸின் சொந்தக் கட்டளைகளாலேயே ஷேடோ காப்பிகளை அழித்தது. கணினி தானாகப் பழுதுபார்த்துக்கொள்ளும் வசதியையும் முடக்கியது. மருத்துவர் எழுதிய சீட்டு திருடன் கைக்குப் போயிருந்தது.

இதற்கிடையே, விண்டோஸ் 10 வந்தபோது பல கணினிகளில் ரீஸ்டோர் அணைக்கப்பட்ட நிலையிலேயே இருந்தது. வேண்டுமென்றால் ‘சிஸ்டம் புரொடெக்‌ஷன்’ பகுதிக்குப் போய் நாமே இயக்க வேண்டும். 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, ரீஸ்டோர் பாயின்ட்களை 60 நாள் வரை வைத்திருக்கிறது.