மஞ்சள் உறையும் அரசின் கையும்: ஜேர்மன் தபாற்சேவை தனியார்மயமான வரலாறு

1980 களில் மேற்கு ஜேர்மனிக்கு வந்துசேர்ந்த எம்மவர் அறிந்திருந்த தபாலகம் இன்று இல்லை. தாயகத்துக்கு விமானத் தபால் அனுப்புவது, தொலைபேசிக் கட்டணம் செலுத்துவது, சேமிப்புக் கணக்கு வைத்திருப்பது, பொதி ஒப்படைப்பது ஆகிய யாவும் அன்று ஒரே கூரையின் கீழ் நடைபெற்றன. கருமபீடத்தின் பின்னே இருந்தவர்களிற் பெருந்தொகையினர் அரச உத்தியோகத்தர்கள். வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை. வேலை பறிபோகும் என்ற அச்சமும் இல்லை. 1949 ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம் தபாலை வெளிநாட்டுச் சேவை, புகையிரதம் ஆகியவற்றுடன் ஒரே வரிசையில் நிறுத்தி, நடுவண் அரசு தானே நடத்தவேண்டிய நிர்வாகமென வகுத்திருந்தது. இவ்வாறு அரசியலமைப்பிலேயே வேரூன்றிய ஒரு நிறுவனத்தை அரசு தன் கையிலிருந்து விடுவித்த வரலாறு, கடிதத்தை நம்பி வாழும் எம் குடும்பங்கள் அறியவேண்டிய ஒன்றாகும்.

மாற்றத்தின் தொடக்கம் கடிதத்தில் அன்று, தொலைபேசியிலேயே இருந்தது. தொலைபேசி ஈட்டிய வருவாய், கடிதமும் பொதியும் ஏற்படுத்திய நட்டத்தை ஈடுசெய்து வந்தது. கணினியும் புதிய தொடர்பாடற் கருவிகளும் பெருகவே, தொலைத்தொடர்புக்குப் பெரும் முதலீடு தேவைப்பட்டது. பேராசிரியர் எபர்ஹார்ட் விட்டே தலைமையில் 1985 இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு, தபாலையும் தொலைத்தொடர்பையும் பிரிக்குமாறு 1987 இல் பரிந்துரைத்தது. தபால் அமைச்சர் கிறிஸ்ரியான் ஸ்வார்ஸ் ஷில்லிங் அதனைச் சட்டமாக்கினார். 1989 யூலை 1 ஆம் நாள் தபாற்சேவை, தபால் வங்கி, தொலைத்தொடர்பு என மூன்று அரச நிறுவனங்கள் தோன்றின. பெயர்ப்பலகை மாறியது, உடைமை மாறவில்லை.

சில மாதங்களில் பேர்லின் சுவர் வீழ்ந்தது. 1990 ஒக்ரோபரில் இரு நாடுகளும் ஒன்றாயின. இரு தபாற்சேவைகளும் ஒன்றாயின. ஆனால் நான்கிலக்கத் தபாற் குறியீடுகள் இரண்டாகவே இருந்தன. 5300 என்றால் மேற்கில் பொன் நகரம், கிழக்கில் வைமார் நகரம். எனவே இலக்கத்தின் முன்னால் மேற்கைக் குறிக்கவோ கிழக்கைக் குறிக்கவோ ஓரெழுத்து எழுதுமாறு மக்கள் பணிக்கப்பட்டனர். ஒன்றாகிவிட்ட நாட்டின் கடித உறையில் பழைய எல்லைக்கோடு மேலும் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தது விந்தையே! 1993 யூலை 1 இல் ஐந்திலக்க முறை நடைமுறைக்கு வந்தது. தடித்த குறியீட்டு நூல் வீடுகள்தோறும் வழங்கப்பட்டது. ஐந்து விரல்களையுடைய கேலிச்சித்திரக் கையொன்று விளம்பரங்களில் சிரித்தது. இது வெறும் இலக்கமாற்றம் அன்று. ஊர்தோறும் கையாற் பிரிக்கப்பட்ட கடிதங்களை, 83 கடித மையங்களில் இயந்திரங்கள் பிரிப்பதற்கான வழி இதனாலேயே திறந்தது. பொதிகளுக்கென 33 மையங்கள் எழுந்தன.

அடுத்த படி கடினமானது. உடைமையை மாற்றுவதற்கு அடிப்படைச் சட்டத்தையே திருத்தவேண்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை தேவை. எதிர்க்கட்சியான சமூக சனநாயகக் கட்சியின் ஒப்புதலின்றி ஹெல்முட் கோலின் அரசால் இதனைச் செய்ய இயலாது. 1994 இல் எட்டப்பட்ட உடன்பாட்டின் விளைவே அடிப்படைச் சட்டத்தின் 87 எஃப் உறுப்புரை. சேவையைத் தனியார் நிறுவனங்கள் வணிக முறையில் வழங்கலாம். ஆனால் நாடு முழுவதும் பொருத்தமானதும் போதுமானதுமான சேவை கிடைப்பதை நடுவண் அரசு உறுதிப்படுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். உத்தியோகத்தர்களின் உரிமைகளையும் வேறோர் உறுப்புரை காத்தது. ஏனைய பல நாடுகள் சாதாரணச் சட்டத்தோடு விட்டுவிட்ட கடப்பாட்டை ஜேர்மனி அரசியலமைப்பில் எழுதிவைத்தமையே இச்சீர்திருத்தத்தின் உயிர்நாடி என்பது எமது கருத்து.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. 1995 ஜனவரி 1 இல் மூன்றும் பங்கு நிறுவனங்களாயின. 1997 முடிவில் தபால் அமைச்சு கலைக்கப்பட்டது. ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்று அதன் இடத்தைப் பெற்றது. 2000 நவம்பரில் தபால் நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 2005 இல் அரசின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கியது. ஆயினும் எடை குறைந்த கடிதங்களுக்கான தனியுரிமையை 2002 முடிவில் நீக்குவதாகச் சொன்ன அரசு, அதனை 2007 முடிவு வரை நீட்டியது. போட்டியை வளர்க்கவேண்டிய அரசே பங்குகளை விற்கவும் காத்திருந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். 2008 இல் கதவு திறந்தபோது, கடிதச் சேவை ஊழியர்களுக்கு 8 முதல் 9.80 யூரோ வரையான குறைந்தபட்ச மணிக்கூலியும் உடன் விதிக்கப்பட்டது. புதிய நிறுவனங்கள் வழக்காடின. அவ்விதி செல்லாதென நடுவண் நிர்வாக நீதிமன்றம் 2010 இல் தீர்த்தது.

தபாலகங்கள் மெல்ல மெல்லப் பலசரக்குக் கடைகளின் மூலைகளுக்குள் நுழைந்தன. நாடெங்கும் குறைந்தது 12,000 சேவை நிலையங்கள் இருக்கவேண்டுமென 1999 இன் ஒழுங்குவிதி கட்டளையிட்டதே தவிர, அவை தனிக் கட்டடங்களாக நிலைக்கவேண்டுமெனச் சொல்லவில்லை.

எம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் விடயம் மஞ்சள் உறை. தஞ்சக் கோரிக்கை மீதான முடிவும் நீதிமன்றக் கடிதமும் பெரும்பாலும் இவ்வுறையிலேயே வருகின்றன. இதனைக் கொண்டுவருபவர் இன்று தனியார் ஊழியர். ஆயினும் 1998 இல் நடைமுறைக்கு வந்த தபாற் சட்டம், இப்பணியளவில் அரச அதிகாரத்தை அவரது நிறுவனத்துக்கு வழங்கியது. அவர் நிரப்பும் சான்றுப்பத்திரம் அரச ஆவணத்தின் வலுவுடையது. வீட்டில் எவரும் இல்லாதபோது பெட்டியில் இட்டாலும் கடிதம் ஒப்படைக்கப்பட்டதாகவே கருதப்படும். உறைமேல் அவர் எழுதும் திகதியிலிருந்து, பெரும்பாலும் ஓரிரு வாரங்களே கொண்ட மேன்முறையீட்டுத் தவணை ஓடத் தொடங்கும். ஆகவே உறையை எறிந்துவிட்டுக் கடிதத்தை மட்டும் சட்டத்தரணியிடம் கொண்டுசெல்வது ஆபத்தானது. முகவரி மாற்றத்தை அறிவிக்கத் தவறியவருக்குப் பழைய முகவரிக்கு அனுப்பப்பட்டதே போதுமானதாகிவிடும்.

2024 இல் தபாற் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. முன்னர் 80 வீதமான கடிதங்கள் மறுநாளே சேரவேண்டும் என்றிருந்த விதி நீங்கி, 95 வீதம் மூன்றாம் வேலைநாளில் சேர்ந்தாற் போதும் என்றாயிற்று. தபால் மெதுவாகும் என்பதை அரசே ஏற்றதனால் ஏனைய சட்டங்களும் மாறவேண்டியதாயின. உள்நாட்டிற் சாதாரணத் தபாலில் அனுப்பப்படும் நிர்வாக முடிவு மூன்றாம் நாளிற் கிடைத்ததாகக் கொள்ளும் பழைய கணக்கு, 2025 ஜனவரி 1 முதல் நான்காம் நாளாக மாற்றப்பட்டது. மஞ்சள் உறைக்கு இந்த ஒருநாட் சலுகை இல்லை. அதற்கு உறைமேல் எழுதப்பட்ட திகதியே கணக்கு.