வீட்டுப்பெயரும் ஊர்ப்பெயரும்: லினக்ஸ் இயக்கிகளின் அளபுரு வரலாறு

2001 ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் கலந்துகொள்ள, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. அதன்பின் கேரளப் பள்ளிகள் குனு/லினக்ஸுக்கு மாறிய கதையின் அரசியலைப் பலரும் எழுதிவிட்டனர். அதற்கடியில் ஒரு நுட்பக் கேள்வி கிடக்கிறது. கணினிக்குக் கணினி வன்பொருள் வேறுபடும்போது, கெர்னலை ஒவ்வொன்றிலும் மறுபடி தொகுக்காமல் ஒரே பிரதியை நிறுவ முடிவது எப்படி? தேவையானபோது ஏற்றத்தக்க சாதன இயக்கிகள் விடையின் ஒரு பாதி. ஏற்றும்போது அவற்றுக்கு மதிப்புத் தரும் அளபுருக்கள் மறுபாதி. மொழியியல் பயின்ற எனக்கு மறுபாதியே சுவையானது. அது பெயரிடலின் வரலாறு.

1990களின் ஐஎஸ்ஏ அட்டைகள் தம்மை இன்னாரென்று அறிவிக்கமாட்டா. என்இ2000 என்னும் வலையமைப்பு அட்டையைக் கண்டறிய, இயக்கி சில முகவரிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்ட இடத்தில் வேறொரு சாதனம் இருந்தால் கணினியே உறைந்துவிடக்கூடும். ஆகவே அந்த இயக்கி தனிக்கூறாக ஏற்றப்படும்போது ஊகிக்க மறுத்தது. ஐஎஸ்ஏ அட்டையின் முகவரியைப் பயனரே சொல்லவேண்டும் என்றது. பதினாறுநிலை எண்முறையில் 300 என்பது வழக்கமான விடை.

அந்த விடை இயக்கிக்குள் சென்ற வழிதான் வியப்புக்குரியது. 1996இல் வெளியான 2.0 பதிப்பில், கெர்னலுக்கு வெளியே இயங்கிய 'இன்ஸ்மாட்' நிரலே கூற்றினை இணைத்தது. கூற்றின் குறியீட்டு அட்டவணையில் பயனர் சொன்ன பெயருடைய மாறியைத் தேடி, அதில் மதிப்பை எழுதிவிடும். நிரலாளர் எதையும் அறிவிக்கவேண்டியதில்லை. தரவினச் சோதனையும் இல்லை. வீட்டில் அழைக்கும் பெயரே ஊர்ப்பதிவேட்டிலும் ஏறியது போன்ற நிலை. நிரலாளர் மாறியின் பெயரை மாற்றினால், எங்கோ ஒரு பயனரின் அமைவுக்கோப்பு பொருளிழக்கும்.

1999 ஜனவரியில் வந்த 2.2 பதிப்பில் அறிவிப்பு முறை நிலைபெற்றது. எந்த மாறி, எந்த இனம் என்று ஓர் எழுத்தால் குறித்தனர். முழு எண்ணுக்கு 'ஐ', சரத்துக்கு 'எஸ்'. எனினும் அக்குறிப்பைப் படித்தது வெளியிலிருந்த இன்ஸ்மாட்தான். அதே இயக்கியைக் கெர்னலுக்குள்ளேயே தொகுத்தால், தொடக்கக் கட்டளை வரியைப் படிக்கத் தனி நிரல் எழுதவேண்டும். ஓர் இயக்கிக்கு இரண்டு இலக்கணங்கள்!

2002 இறுதியில் ரஸ்டி ரஸ்ஸல் இணைக்கும் வேலையைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தார். 2003 டிசம்பரில் வெளியான 2.6இல் பெயர், இனம், அணுகல் உரிமை மூன்றும் ஒரே அறிவிப்பில் அமைந்தன. இரு வழிகளுக்கும் அதுவே போதும். உரிமை தந்திருந்தால், இயங்கும்போதே ஒரு கோப்பின் வழியாக மதிப்பை வாசிக்கலாம், மாற்றவும் செய்யலாம். (எளிய அறிவிப்பில், மாற்றியது இயக்கிக்குச் சொல்லப்படுவதில்லை, மாறி சத்தமின்றி மாறிவிடும்.) பெயரில் வரும் இணைப்புக்கோடும் அடிக்கோடும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. ஒலியியலார் மாற்றொலிகளை ஒரே ஒலியனில் அடக்குவது என் நினைவுக்கு வருகிறது. இவை எல்லாவற்றினும் முக்கியமாக நான் கருதுவது, உள்ளே ஒரு பெயரும் வெளியே வேறொரு பெயரும் வைக்க இடமளித்த வடிவம். அதன்பின் நிரலாளர் தம் மாறியை விரும்பியவாறு அழைக்கலாம். வெளிப்பெயரோ பயனருக்கு அளித்த வாக்கு.

இன்று கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் புதிய இயக்கிகளில் அளபுரு சேர்ப்பதைப் பெரும்பாலும் மறுக்கிறார். காரணம் இலக்கண வகையைச் சேர்ந்தது: அளபுரு இயக்கியை விளிக்கிறது, சாதனத்தை விளிப்பதில்லை. ஒரே இயக்கியின்கீழ் இரண்டு அட்டைகள் இருந்தால் மதிப்பு யாருக்கு? என்இ2000 காலத்தில் முகவரிகளைக் காற்புள்ளியிட்டு அடுக்கி, முதலாவது முதல் அட்டைக்கு என்று சமாளித்தனர். கணினி இயங்கும்போதே செருகிக் கழற்றும் சாதனங்களில் எது முதலாவது?