தரவளை மைதானமும் ஒரு தமிழ் அணித்தலைவரும்

கலாநிதி இந்திரஜித் குமாரசுவாமி 2016இல் மத்திய வங்கி ஆளுநராக நியமிக்கப்பட்ட வேளையில் நான் வாசித்த செய்திகள் யாவும் அவரது பொருளியல் அறிவையே விதந்துரைத்தன. 1974இல் கொழும்பில் நடைபெற்ற ஆசிய றக்பிச் சுற்றுப்போட்டியில் இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர் என்பது ஒற்றை வரியில் வந்து போயிற்று. எனக்கோ அந்த ஒற்றை வரிதான் முக்கியமாகப்பட்டது.

அவர் 1950இல் பிறந்தவர். தந்தையார் ராஜு குமாரசுவாமி ஐ.நா. அமைப்பில் உயர்பதவி வகித்தவர். கொழும்பு றோயல் கல்லூரி, இங்கிலாந்தின் ஹரோ பாடசாலை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் எனத் தொடர்ந்தது அவரது கல்வி. கேம்பிரிட்ஜுக்காக முதல்தரக் கிரிக்கெட்டும் ஆடியிருக்கிறார். 1973இல் மத்திய வங்கியில் சேர்ந்தார். மறுவருடமே தேசிய றக்பி அணியின் தலைவர். இறுதியாட்டம் வரை சென்ற இலங்கை, ஜப்பானிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றது.

அப்போது நான் பொல்பிட்டியவில் பள்ளி மாணவன். 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தில் தந்தையார் வேலை செய்தார். பாணுக்கு வரிசை, மாவுக்குப் பங்கீடு என்றிருந்த காலம். மேலே தோட்டங்களிலோ பட்டினிச் சாவுகள் நிகழ்ந்துகொண்டிருந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி ‘அழுகைக் கோச்சி’ எம்மவரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் அவர்கள். ஒரு தமிழர் நாட்டின் அணியை வழிநடத்திய அதே வருடத்தில், இன்னொரு தமிழ்ச் சமூகம் நாட்டைவிட்டே அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தது. இதற்காக அவரைக் குறைகூறுவது நியாயமாகாது. ஆயினும் இரண்டையும் ஒன்றாக வைத்தே பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் மலையகம் றக்பிக்குப் புதிதன்று. ஆளுநர் சேர் ஹியூ கிளிபர்டின் துணைவியார் வழங்கிய கிண்ணத்துக்காக 1926 முதல் ஆட்டங்கள் நடந்தன. தோட்டத்துரைமாரின் கழகங்கள் அவற்றில் பெயர்பெற்றவை. அவற்றுள் ஒன்றான டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகத்தின் களமே தரவளை மைதானம். சுற்றிலும் தேயிலை, அப்பால் லயங்கள். புல் வெட்டியதும் மைதானம் செப்பனிட்டதும் தோட்டத் தொழிலாளரே. விளையாடியவர் துரைமார். கல்வியும் ஓய்வும் இல்லாத இடத்தில் அணித்தலைவர் எப்படி உருவாவார்? 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் சென்றபின் அக்கழகங்களின் றக்பியும் தளர்ந்தது.

குமாரசுவாமி 1989 வரை மத்திய வங்கியிலும், 1990 முதல் 2008 வரை லண்டனில் பொதுநலவாயச் செயலகத்திலும் பணியாற்றினார். 2019 டிசம்பரில் ஆளுநர் பதவியிலிருந்து விலகினார்.

என் பாட்டனார் இளமையில் தரவளை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவர். “நீங்கள் பந்தைத் தொட்டதுண்டா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தேயிலைக்குள்ளே வந்து விழுந்தா எடுத்து எறிவோம்” என்றார்.