மூன்று ஞாயிறு வாசித்த ஓலை

கல்யாணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில், வழிபாட்டுக்கு நடுவே, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று கோவிலில் படிப்பார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதை ஓலை வாசித்தல் என்பார்கள். மிகப் பழைய வழக்கம் இது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் ஊரறியாமல் நடக்கும் கள்ளத் திருமணங்களைத் தடுக்க இதைத் திருச்சபை முழுவதற்கும் விதியாக்கியது. மூன்று முறை படிக்க வேண்டும் என்று 1563இல் திரெந்து பொதுச்சங்கம் உறுதிப்படுத்தியது. ஏற்கெனவே மணமானவர், நெருங்கிய இரத்த உறவுக்காரர், கட்டாயப்படுத்தப்பட்டவர் என்று ஏதாவது வில்லங்கம் இருந்தால் அது சபை நடுவே தெரிந்துவிடும்.

இந்த வழக்கத்தைக் கையில் எடுத்துத்தான் 2000 டிசம்பரில் கனடாவின் டொராண்டோ நகரத்துச் சபை ஒன்று ஆணும் ஆணுமான ஓர் இணைக்கும் பெண்ணும் பெண்ணுமான ஓர் இணைக்கும் திருமணம் செய்துவைக்கப் புறப்பட்டது. தன்பாலினத் திருமண உரிமையின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மதம் ஒரு பக்கம், உரிமை கேட்டவர்கள் எதிர்ப்பக்கம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். கனடாவின் ஆவணங்களைப் புரட்டினால் அது பாதிக் கதைதான் என்று தெரியும். வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு திருச்சபை இருந்தது. அதற்குத் துணையாக யூத குருமார் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் சபை நாடாளுமன்றத்தில் சட்டத்துக்கு ஆதரவாகப் பேசியது.

யாருக்கு மணம் செய்துவைக்கும் அதிகாரம் என்ற சண்டை அந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. இன்றைய ஒன்டாரியோ மாகாணம் அன்று மேல் கனடா எனப்பட்டது. அங்கே தொடக்கத்தில் ஆங்கிலிக்கன் குருமார் நடத்திய திருமணமே முறையான திருமணம். 1798இல் ஸ்காட்லாந்து திருச்சபை, லூத்தரன், கால்வின் வழிச் சபைகளின் போதகர்களுக்கு அந்த உரிமை கிடைத்தது. மெதடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் மென்னோனைட்டுகளும் 1831 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கள் போதகர் முன் கைபிடித்தவர்களைச் சட்டம் தம்பதி என்று ஏற்காத வேதனையை அவர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் சுமந்தார்கள். அந்த மெதடிஸ்டுகளின் வாரிசுகள்தான் 1925இல் காங்கிரிகேஷனல் சபையோடும் பிரெஸ்பிட்டேரியன்களில் பெரும்பகுதியினரோடும் சேர்ந்து கனடா ஐக்கியத் திருச்சபையாக ஆனார்கள்.

டொராண்டோவுக்கு முன்பே வின்னிபெக்கில் ஒரு முயற்சி நடந்தது. 1974 பிப்ரவரியில் ரிச்சர்ட் நார்த், கிறிஸ் வோகல் என்ற இருவருக்கு யூனிட்டேரியன் போதகர் நார்மன் நெய்லர் ஓலை வாசித்து மணம் செய்துவைத்தார். மானிட்டோபா மாகாணப் பதிவாளர் பதிய மறுத்தார். வழக்கு அந்த ஆண்டே தோற்றது. அகராதியும் பழைய தீர்ப்புகளும் ஆணும் பெண்ணும் என்றுதான் சொல்கின்றன என்பது நீதிபதியின் முடிவு. கால் நூற்றாண்டுக்குப் பிறகு டொராண்டோவில் நடந்தவற்றின் முழு வடிவமும் இங்கேயே இருக்கிறது. சபை முன்வருகிறது, ஓலை வாசிக்கப்படுகிறது, அரசு பதிவேட்டை மூடிக்கொள்கிறது. ஆனால் 1974இல் கனடாவில் உரிமைகள் சாசனம் இல்லை. அது 1982இல்தான் வந்தது. அதன் சமத்துவப் பிரிவு 1985இல்தான் நடைமுறைக்கு வந்தது.

டொராண்டோ சபையின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. டிராய் பெர்ரி பெந்தெகொஸ்தே ஊழியர். தன்பாலின ஈர்ப்பு கொண்டவர் என்பதால் ஊழியத்தை இழந்தவர். 1968 அக்டோபர் 6ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஹண்டிங்டன் பார்க்கில் தன் வீட்டுக் கூடத்தில் 12 பேரோடு வழிபாடு நடத்தினார். மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் அப்படிப் பிறந்தது. எந்தக் கோவிலிலும் நிம்மதியாக உட்கார முடியாதவர்கள் அங்கே கூடினார்கள். தொடங்கியதிலிருந்தே இணைகளுக்குத் திருமண ஆசியும் வழங்கப்பட்டது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1973 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கோவில் தீயில் அழிந்தது. அந்த ஆண்டு ஜூனில் நியூ ஆர்லியன்ஸில் மாடி மதுக்கூடம் ஒன்றுக்கு யாரோ தீவைத்ததில் 32 பேர் இறந்தார்கள். அந்த ஊர்ச் சபையின் போதகரும் சபையார் பலரும் அவர்களில் அடக்கம்.

அதே 1973இல் டொராண்டோ சபை தொடங்கியது. 1977இல் அதன் போதகராக வந்த பிரென்ட் ஹாக்ஸ் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் சிற்றூர்க்காரர். பாப்டிஸ்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1981 பிப்ரவரியில் ஒரே இரவில் டொராண்டோ காவல்துறை தன்பாலின ஆண்கள் கூடும் குளியல் விடுதிகளில் புகுந்து ஏறத்தாழ 300 பேரைக் கைது செய்தது. தனி விசாரணை கேட்டு ஹாக்ஸ் 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார். நகரம் அவரை அறிந்துகொண்டது அப்போதுதான். ஞாயிறு பிரசங்கமும் தெருப் போராட்டமும் அவருக்கு ஒரே ஊழியமாக இருந்தன.

தொண்ணூறுகளில் காற்று எதிராகவே வீசியது. மண உரிமம் கேட்ட ஒட்டாவா ஆண்கள் இருவரின் வழக்கை 1993இல் ஒன்டாரியோ நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் சேர்ந்து வாழும் தன்பாலின இணைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. உடனே நாடாளுமன்றம் பதறிப்போய், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்று 216க்கு 55 வாக்கில் தீர்மானம் போட்டது.

இந்தச் சூழலில்தான் ஓலையின் அருமை தெரிந்தது. ஒன்டாரியோவில் மணமுடிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நகராட்சி எழுத்தரிடம் உரிமம் வாங்குவது. அந்த உரிமத்தை எழுத்தர் தரமாட்டார். மற்றது, கோவிலில் ஓலை வாசித்து மணமுடிப்பது. அதற்கு எந்த அலுவலகப் படியும் ஏறத் தேவையில்லை. மாகாணத் திருமணச் சட்டமோ வயதுவந்த எந்த நபரும் உரிமம் பெற்றோ ஓலை வாசித்தோ மணமுடிக்கலாம் என்றது. ஆண், பெண் என்று அந்த இடத்தில் குறிப்பிடவில்லை. வழிபாட்டின்போது, எல்லோர் காதிலும் விழும்படி உரக்கப் படிக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்லியிருந்தது. திருச்சபையிலிருந்து சட்டப் புத்தகத்துக்குப் போன ஒரு சடங்கை அந்தச் சபை திரும்பத் தன் கையில் வாங்கிக்கொண்டது. இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான். புதிதாக ஒரு சலுகையை அவர்கள் கேட்கவில்லை. எல்லாச் சபைக்கும் இருந்த உரிமையைத் தங்கள் சபையாருக்கும் பயன்படுத்தினார்கள்.

டிசம்பரில் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிக்கப்பட்டது. கெவின் பூராசா, ஜோ வார்னெல் ஓர் இணை. எலெய்ன் வோட்டூர், ஆன் வோட்டூர் மற்றோர் இணை. ஊரறியப் படிப்பதில் ஆபத்தும் இருந்தது. திருமண நாள், இடம், நேரம் எல்லாம் வாரக்கணக்கில் முன்பே எதிர்ப்பாளர்களுக்கும் தெரியும். கொலை மிரட்டல்கள் வந்தன. 2001 ஜனவரி 14 ஞாயிறன்று ஹாக்ஸ் அங்கிக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்துகொண்டு பீடத்துக்கு வந்தார். வெளியே காவல்துறை, உள்ளே சபையாரோடு உலகப் பத்திரிகையாளர்கள். இரண்டு இணைகளும் உறுதிமொழி சொன்னார்கள், பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள், போதகரும் சாட்சிகளும் இட்டார்கள். வேறு எந்தக் கனேடியத் தம்பதிக்கும் அத்தோடு வேலை முடிந்திருக்கும். மாகாண அரசு இந்தத் தாள்களைப் பதிய மறுத்தது. திருமணம் யாருக்கு என்பதை மத்திய அரசின் சட்டம் முடிவு செய்கிறது, அது ஆணும் பெண்ணும் என்கிறது என்பது மாகாண அமைச்சரின் வாதம்.

சபை வழக்குக்குப் போனது. உரிமம் கேட்டு நகராட்சியில் விண்ணப்பித்துக் காத்திருந்த ஹெடி ஹால்பர்ன் உள்ளிட்ட இணைகளின் வழக்கும் இதோடு சேர்ந்தது. ஹால்பர்ன் வழக்கு என்றே வரலாற்றில் பெயர்.

சபையின் வாதத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கத்தோலிக்க குரு நடத்தும் திருமணத்தைப் பதிகிறீர்கள். எங்கள் விசுவாசப்படி எங்கள் போதகர் நடத்தும் திருமணத்தை ஏன் பதிய மறுக்கிறீர்கள்? இது மத சுதந்திரத்தைப் பறிப்பதில்லையா? இப்படிக் கேட்டது அந்தச் சபை. எதிர்த் தரப்பிலும் மதத் தரப்பினரே நின்றார்கள். இவாஞ்சலிக்கல் சபைகளும் கத்தோலிக்க அமைப்பும் இஸ்லாமிய அமைப்பும் சேர்ந்த கூட்டணி அது. அவர்களும் மத சுதந்திரம் என்றே பேசினார்கள். அவர்களுக்கு எதிரே, மேல்முறையீட்டில், தன்பாலினத் திருமணத்துக்கான கனேடிய தாராளவாத ரபிகள் கூட்டமைப்பு வந்து நின்றது. எல்லா மதத்துக்கும் திருமணம் ஒன்றுதான் என்று எதிர்த்தரப்பு பேச முடியாதபடி அது செய்தது.

2002 ஜூலையில் ஒன்டாரியோ நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாகப் பழைய வரையறை சமத்துவத்துக்கு எதிரானது என்றார்கள். ஆனால் சட்டத்தை மாற்ற 24 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. 2003 ஜூன் 10ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அவகாசத்தை எடுத்துவிட்டது. தீர்ப்பு அன்றே அமலானது. வாதிகளில் ஓர் இணையான மைக்கேல் லெஷ்னரும் மைக்கேல் ஸ்டார்க்கும் அன்று பிற்பகலே மணமுடித்தார்கள். சபையின் மத சுதந்திர வாதத்தை அந்த நீதிமன்றமும் ஏற்கவில்லை. இது சட்டத் திருமணம் பற்றிய வழக்கு, சமயத் திருமணம் பற்றியது அல்ல என்று ஒதுக்கிவிட்டுச் சமத்துவத்தின் பேரிலேயே தீர்ப்பளித்தது. அது சரியா? விவாதத்துக்கு இடமுண்டு. ஆனால் அதே தீர்ப்பின் உத்தரவுப் பகுதி, ஜனவரி 14 அன்று அந்தக் கோவிலில் கையெழுத்தான இரண்டு திருமணங்களையும் பதிவாளர் பதிந்தே ஆக வேண்டும் என்றது.

நெதர்லாந்து நாடு தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கி முதல் மணங்களை நடத்தியது 2001 ஏப்ரல் 1இல். டொராண்டோ திருமணங்கள் அதற்கு முந்தியவை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1971இல் உரிமம் பெற்று மணமுடித்த ஜேக் பேக்கர், மைக்கேல் மெக்கானல் இணை அதற்கும் முந்தியது. 2018இல் ஒரு நீதிமன்றம் அத்திருமணம் செல்லும் என்றது. அதை நடத்தி வைத்தவரும் ஒரு மெதடிஸ்டுப் போதகர்தான்.

பெரிய சபைகள் இவ்வளவு வேகமாக நகரவில்லை. ஐக்கியத் திருச்சபை 1988இல் விக்டோரியா நகரத்தில் கூடி, தன்பாலின ஈர்ப்பு யாரையும் சபை உறுப்பினராகவோ போதகராகவோ ஆகவிடாமல் தடுக்காது என்று முடிவெடுத்தது. அதற்காகப் பல குடும்பங்கள் வெளியேறின, சில சபைகள் பிரிந்தே போயின. பின்வாங்க அச்சபை மறுத்தது. 2003 ஆகஸ்டில் வுல்ஃப்வில்லில் கூடிய அதன் பொது மன்றம் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கும்படி அரசைக் கேட்டுக்கொண்டது. மறுஆண்டு உச்ச நீதிமன்றத்திலும் அச்சபையின் வழக்கறிஞர்கள் ஆதரவாக வாதிட்டார்கள். எந்தக் குருவையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் அந்த நீதிமன்றம் 2004 டிசம்பரில் தெளிவாக்கியது. 2005 ஜூன் 28ஆம் தேதி கீழவை 158க்கு 133 என்று சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலை 20இல் அது நடைமுறைக்கு வந்தது. ஐக்கியத் திருச்சபைக்குள் இன்றும் தங்கள் கோவிலில் யாருக்கு மணம் நடத்துவது என்பதை அந்தந்த ஊர்ச் சபையே கூடி முடிவெடுக்கிறது.

ஆங்கிலிக்கன்கள் பட்ட பாடு வேறு. வான்கூவரைச் சேர்ந்த நியூ வெஸ்ட்மின்ஸ்டர் மறைமாவட்டம் 1998இல் தன்பாலின இணைகளுக்கு ஆசி வழங்கக் கேட்டு 179க்கு 170 என்று வாக்களித்தது. ஆயர் மைக்கேல் இங்காம் ஆதரவாளர்தான். ஆனாலும் இவ்வளவு குறைந்த வித்தியாசம் போதாது என்று ஒப்புதல் தரவில்லை. 2001இல் 226க்கு 174. அப்போதும் தரவில்லை. 2002இல் 215க்கு 129 என்று வந்தபோது ஒப்புக்கொண்டார். அன்றே பல சபைகளின் பிரதிநிதிகள் எழுந்து வெளியே போனார்கள். ஆசியைத் தாண்டித் திருமணம் என்று வந்தபோது 2016 தேசியச் சங்கத்தில் குருமார் வாக்கு ஒன்று குறைந்து தீர்மானம் தோற்றதாக முதலில் அறிவித்தார்கள். மறுநாள், சங்கத்தின் பொதுச் செயலரான குருவின் பெயர் பொதுநிலையினர் பட்டியலில் தவறாகப் பதிவாகியிருந்தது தெரிந்தது. எண்ணிக்கை திருத்தப்பட்டது, தீர்மானம் வென்றது. 2019இல் இரண்டாம் வாசிப்பில் பொதுநிலையினர் 80.9 சதவீதமும் குருமார் 73.2 சதவீதமும் ஆதரித்தும், ஆயர்கள் 62.2 சதவீதத்தில் நின்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் சட்டத் திருத்தம் விழுந்தது. அந்தந்த மறைமாவட்டம் தானே முடிவெடுக்கட்டும் என்ற வழியை ஆயர்கள் விட்டுவைத்தார்கள். பல இடங்களில் திருமணங்கள் நடக்கின்றன.

ஒன்டாரியோ தீர்ப்பு வந்த மறுமாதமே, 2003 ஜூலையில், டிராய் பெர்ரி கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பி டொராண்டோ வந்தார். பல ஆண்டுகளாகத் தன்னோடு வாழ்ந்த ஃபிலிப் டி பிளிக்கை ஹாக்ஸின் சபையில் சட்டப்படி மணந்துகொண்டார். அந்தச் சான்றிதழோடு ஊர் திரும்பி, இதை நீங்களும் ஏற்க வேண்டும் என்று இருவரும் கலிஃபோர்னியா அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். 2008 மே 15ஆம் தேதி கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்துத் தீர்ப்பளித்தபோது, அந்த வழக்குத் தொகுப்பின் வாதிகளில் அவர்கள் இருவரும் இருந்தார்கள்.