வீடு கட்டும் விதிகள் வந்த கதை



தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலத்தில், வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்க வேண்டுமானால் யாரைக் கேட்டோம்? மண்டோரிடம் ஒரு வார்த்தை, கிராணியிடம் ஒரு வார்த்தை. துரை கண்டும் காணாமல் போனால் நான்கு பலகையும் இரண்டு தகரமும் போதும். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலையில் இருக்கும்வரைதான் நமக்குக் குடியிருப்பு. ஆகவே, தோட்டத்தை விட்டு வெளியேறி, சேமநிதிப் பணத்தைப் போட்டு, வங்கியில் கடனும் வாங்கி, தாமானில் ஒரு வரிசை வீட்டை வாங்கியவர், "இனி இது என் வீடு, எவரையும் கேட்க வேண்டியதில்லை" என்று எண்ணுவதில் வியப்பில்லை. அந்த எண்ணத்தோடு சமையற்கட்டை நீட்டிக் கட்டுகிறார். சில வாரங்களில் ஊராட்சி மன்றத்திலிருந்து கடிதம் வருகிறது. அனுமதியின்றிக் கட்டியதை இடித்துவிடும்படி அதில் எழுதியிருக்கிறது.

இதனால் எழும் கோபம் இன்று நேற்றுப் பிறந்ததன்று. இதே கோபத்தில் ஒரு நகரமே கடையடைத்த வரலாறு உண்டு.

1822-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சிங்கப்பூரில் ராபிள்ஸ் துரை நகரக் குழுவுக்குச் சில கட்டளைகள் எழுதினார். வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும். வீதியோரத்து வீடு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தாழ்வாரம் விடவேண்டும். அத்தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து, வெயிலிலும் மழையிலும் மக்கள் நடக்கும் பாதையாக எப்போதும் திறந்திருக்கவேண்டும். இதுவே பின்னாளில் 'காக்கி லீமா', அதாவது ஐந்தடிப் பாதை என்று பெயர் பெற்றது. நம் நாட்டுப் பழைய பட்டணங்களின் கடைவீதிகளில் நாம் மழைக்கு ஒதுங்கி நிற்பது இந்தத் தாழ்வாரத்தில்தான்.

கேட்பதற்கு நல்ல விதிதான். ஆனால் அந்த ஐந்தடி யாருடையது? நிலம் கடைக்காரரின் பத்திரத்துக்குள் இருக்கிறது. தூணும் கூரையும் அவர் செலவில் எழும்பியவை. ஆகவே அவர் அங்கே மூட்டைகளை அடுக்கினார். சில இடங்களில் சிறு வியாபாரிகளுக்கு வாடகைக்கும் விட்டார். நடப்பவர்கள் மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் ஓடும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.

1888-ஆம் ஆண்டு புதிய நகராண்மைச் சட்டம் சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்தது. நகராண்மைத் தலைவராக இருந்த டாக்டர் ரோவெல், தாழ்வாரங்களைக் காலி செய்தே தீரவேண்டும் என்று முனைந்தார். பிப்ரவரி மாதம் அதிகாரிகள் தடைகளை அகற்றத் தொடங்கியதும் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கூட்டம் திரண்டது. தெருவில் ஓடிய டிராம் வண்டிகள் மீது கற்கள் பறந்தன. ஏறத்தாழ மூன்று நாள் நகரத்தின் வாணிபம் நின்றது. முடிவில், ஆள் நடந்து போக வழி விட்டால் போதும் என்ற அளவுக்கு நகராண்மைக் கழகத்தார் இறங்கி வந்தனர். வரலாற்றில் இதனைத் தாழ்வாரக் கலவரம் என்பார்கள். கல்லெறிந்தது சரியென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், அறுபது ஆண்டுகளுக்கு மேல் சும்மா இருந்துவிட்டு ஒரே வாரத்தில் விதியைப் பிடித்தால் மக்கள் கொதிப்பார்கள் என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

கோலாலம்பூரின் கதை வேறு. அங்கே விதியைக் கொண்டுவந்தது நெருப்பு. பெரும்பாலும் பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த அந்தச் சிறு பட்டணம் 1881 ஜனவரியில் பற்றி எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளமும் வந்தது. மறு ஆண்டு சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டே நகரைத் திரும்பக் கட்டவேண்டும் என்றார். செங்கற்சூளைகள் இருந்த இடமே நம்மவர் நிறைந்து வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ். 1890-இல் சானிட்டரி போர்டு அமைக்கப்பட்டது. சாக்கடை, குப்பை, கட்டடம் ஆகியவற்றைக் கவனிக்க ஒரு வாரியம் ஏற்பட்டதும் அனுமதி கேட்கும் பழக்கமும் வேரூன்றியது.

இனி நம் பின்கட்டுக்கு வருவோம். 1907-இல் டாக்டர் சிம்சன் என்பவர் சிங்கப்பூரின் சுகாதார நிலையைப் பற்றி ஓர் அறிக்கை தந்தார். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகளில் வெளிச்சமோ காற்றோ இல்லை, காசநோய் பரவுகிறது, ஆகவே வீட்டு வரிசைகளுக்கு இடையே பின்சந்து விடவேண்டும் என்றார். தாமான் வீட்டுக்குப் பின்னால் வாழைமரம் நட்டு வைத்திருக்கிறோமே, அந்தச் சந்தின் பூர்வீகம் இது. நெருப்புப் பிடித்தால் தப்பிக்கவும், கால்வாய் அடைத்தால் ஆள் இறங்கவும் அதுதான் வழி.

தீபகற்ப மலேசியாவில் இன்றுள்ள விதிகளுக்கு அடிப்படை 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பக்கூடாது என்கிறது அதன் 70-ஆம் பிரிவு. இருக்கும் வீட்டை நீட்டுவதும் அதில் அடங்கும். 1984-இல் ஒரே சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் வந்தன. படுக்கையறை இரண்டரை மீட்டருக்குக் குறையாத உயரம். சன்னல்கள் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. முதல் அறைக்குக் குறைந்தது 11 சதுர மீட்டர். நம் லயத்து அறைகளை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால் எத்தனை தேறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

விதியால் வீட்டுக்காரர் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். வீடு கட்டி முடிந்தும் ஊராட்சி மன்றம் தரும் குடிபுகும் சான்றிதழ் வராமல் காத்திருந்தவர் பலர். ஒரு பக்கம் வங்கித் தவணை, மறுபக்கம் வாடகை. 2007 ஏப்ரலில்தான் இம்முறை மாறியது. கட்டடக் கலைஞரோ பொறியாளரோ பொறுப்பேற்றுச் சான்றிதழ் தரலாம் என்று ஆயிற்று.

இன்னொன்று எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1993 டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளில் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டனர். மற்ற இரு கட்டடங்களில் வீடு வாங்கியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், அதே 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு நகராண்மைக் கழகத்தைப் பாதுகாக்கிறது என்று தீர்ப்பளித்தது. நாம் ஒரு தகரத்தை அனுமதியின்றி இறக்கினால் கடிதம் வரும். அனுமதி தரும் கை தவறினால் கேட்க வழியில்லை. இதை எப்படி நியாயம் என்பது?

என் தங்கையின் கணவரும் கடிதம் வாங்கியவர்தான். பின்கட்டு முழுவதையும் கூரையால் மூடிவிட்டார். பின்னறைச் சன்னல் திறந்தால் வானத்துக்குப் பதில் சமையல் புகை. "மச்சான், கிராண்டில் என் பெயர்தானே இருக்கிறது?" என்று என்னிடம் சண்டை பிடித்தார். கடைசியில் படம் வரைய ஆள் பிடித்து, பணம் கட்டி, நான்கு முறை அலைந்து, கூரையில் ஒரு பகுதியை நீக்கி, ஆறடிக்கு வானம் தெரிய விட்டார். தங்கை இப்போது அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறாள். அவர் மட்டும் அந்த நான்கு நாள் சம்பளத்தை இன்னும் மறக்கவில்லை.