மணலும் வைரமும்: நமீபியாவில் ஒரு சுற்றுலா



பகல் வேலை முடிந்து வானொலிப் பெட்டியின் அருகில் குடும்பத்தோடு அமர்ந்திருக்கும் உங்களை இன்று நெடுந்தூரம் அழைத்துச் செல்லப் போகிறேன். மழையும் பசுமையும் நமக்குப் பழகியவை. நாம் இப்போது போகும் நாட்டிலோ, ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் ஓர் அங்குல மழை பெய்யாத இடங்கள் உண்டு. அந்த நாட்டின் பெயர் நமீபியா. ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலின் ஓரமாக அமைந்திருக்கிறது. பரப்பில் நம் மலேசியாவைப் போல இரண்டரை மடங்கு பெரியது. ஆனால் அங்கு வாழும் மக்களின் தொகை சுமார் 30 லட்சம்தான்.

இந்த நாட்டுக்கு ஆண்டுதோறும் உலகெங்கிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். தலைநகரான வின்ட்ஹூக்கிலிருந்து வழிகாட்டி ஒருவர் அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குள் அழைத்துச் செல்வார். நாமும் அந்த வண்டியில் ஏறிக்கொள்வோம். வழிகாட்டி காட்டும் காட்சிகளைக் காண்போம். அந்தக் காட்சிகளுக்கு அடியில் கிடக்கும் வரலாற்றையும் சேர்த்துக் காண்போம்.

முதலில் போகும் இடம் சோசுஸ்வ்ளை. நம் தோட்டங்களில் பெரட்டுக்குப் புறப்படும் நேரத்திலேயே அங்கே பயணிகளும் புறப்பட்டுவிட வேண்டும். வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. செம்பழுப்பு நிறத்தில் மணற்குன்றுகள் மலைகளைப் போல நிற்கின்றன. உயரமானவை 300 மீட்டரையும் தாண்டுகின்றன. குன்றுகளுக்கு நடுவே வெள்ளைக் களிமண் தரையில், பட்டுப்போன மரங்கள் கறுத்து நிற்கின்றன. ஒரு காலத்தில் அங்கே ஆற்று நீர் வந்துகொண்டிருந்தது. மணல் நகர்ந்து வழியை அடைத்துவிட, மரங்கள் காய்ந்தன. அவை செத்துச் சுமார் 600, 700 ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிடுகிறார்கள். மக்கிப் போவதற்குக் கூட ஈரம் வேண்டும் அல்லவா? ஈரமே இல்லாததால் அவை இன்றும் நிற்கின்றன.

பக்கத்திலேயே பெருங்கடல் இருந்தும் ஏன் மழை இல்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கரையோரமாகத் தெற்கிலிருந்து பெங்குவேலா என்னும் குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. குளிர்ந்த நீரின் மேல் உள்ள காற்று மேலே எழும்பி மழை மேகமாவதில்லை. மூடுபனியாகவே தரைக்குள் நுழைகிறது. அந்தப் பனியை நம்பித்தான் அங்கே உயிர்கள் வாழ்கின்றன. ஒரு வகை வண்டு, மணற்குன்றின் உச்சியில் ஏறித் தலையைத் தாழ்த்தி முதுகைத் தூக்கி நிற்கும். முதுகில் படியும் பனி துளித்துளியாக உருண்டு அதன் வாய்க்குள் இறங்கும். இத்தகைய விந்தைகள் நிறைந்த நமீப் மணற்கடலை 2013ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தார்கள்.

இனி தெற்கு நோக்கி, கடற்கரையில் உள்ள லூடரிட்ஸ் என்னும் சிறு துறைமுகத்துக்கு வருவோம். அடோல்ப் லூடரிட்ஸ் என்பவர் ஒரு ஜெர்மானிய வணிகர். 1883ஆம் ஆண்டில் அவர், அங்கு வாழ்ந்த நாமா மக்களின் தலைவரான ஜோசப் பிரெடரிக்ஸிடம் நிலம் வாங்கினார். கடற்கரையிலிருந்து 20 மைல் அகலத்துக்கு நிலம் என்று பத்திரம் எழுதப்பட்டது. மைல் என்றால் நாம் கட்டை என்று சொல்கிறோமே, அந்த மைல்தான் என்று தலைவர் நினைத்தார். அந்தக் கணக்கில் 20 மைல் என்பது 32 கிலோமீட்டர். வணிகரோ, நான் சொன்னது ஜெர்மானிய மைல் என்றார். அது ஒன்றே ஏழு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆக, 32 கிலோமீட்டர் என்று நினைத்துக் கொடுத்த நிலம் ஏறக்குறைய 150 கிலோமீட்டராகிவிட்டது. ஒரே ஒரு சொல்லில் ஒரு கூட்டத்தாரின் நிலம் பறிபோனது. அடுத்த ஆண்டே, 1884இல், ஜெர்மனி அந்தப் பகுதியைத் தன் பாதுகாப்பில் உள்ளதாக அறிவித்தது.

நிலத்தையும் மாடுகளையும் இழந்த மக்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? 1904 ஜனவரியில் நாட்டின் நடுப்பகுதியில் ஹெரேரோ மக்கள் எழுந்தார்கள். ஆகஸ்டில் நடந்த பெரும் போரில் அவர்கள் தோற்று, கிழக்கே நீரில்லாத ஓமாஹேகே வறண்ட வெளிக்குள் விரட்டப்பட்டார்கள். அக்டோபர் 2ஆம் நாள் ஜெர்மானியத் தளபதி போன் துரோத்தா, ஹெரேரோக்களை அடியோடு ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தார். அதே மாதம் தெற்கில் நாமா மக்களும் போரில் இறங்கினார்கள். பிடிபட்டவர்களை லூடரிட்ஸ் கரையோரத்தில் உள்ள சுறாத் தீவில் அடைத்து வைத்தார்கள். குளிர்ந்த கடற்காற்றிலும் பட்டினியிலும் நோயிலும் பெண்களும் குழந்தைகளுமாகச் செத்து மடிந்தார்கள். 1908க்குள் ஹெரேரோ மக்களில் பெரும்பகுதியினரும், நாமா மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரும் அழிந்தார்கள். பின்னாளில் அதே சுறாத் தீவில் சுற்றுலாப் பயணிகள் கூடாரம் அடித்துத் தங்க இடம் அமைத்தார்கள். அங்கே இரவு தங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்?

லூடரிட்ஸ் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் இரயில் பாதையைப் போடும் வேலையில் இந்தக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டார்கள். பாதை போட்ட பிறகும் பாலைவனம் சும்மா இருக்கவில்லை. காற்று நாள்தோறும் மணலை அள்ளி வந்து தண்டவாளத்தை மூடியது. அதை வாரிக் கொட்டுவதற்கென்றே கூலியாட்களை அமர்த்தினார்கள். அவர்களுள் ஒருவர் சக்கரியாஸ் லெவாலா.

நேயர்களே, இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1908 ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், கிராஸ்பிளாட்ஸ் என்னும் சிறிய நிலையத்துக்கு அருகில் லெவாலா மண்வெட்டியால் மணலை வாரிக்கொண்டிருந்தார். மணலில் ஒரு கல் மின்னியது. அவர் முன்பு தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆகையால், அது என்ன கல் என்பது அவருக்குத் தெரிந்தது. எடுத்துக் கொண்டுபோய்த் தம் மேலாளரான ஆகஸ்ட் ஸ்டவுக் என்பவரிடம் கொடுத்தார். ஸ்டவுக் ஓசைப்படாமல் அந்தப் பகுதியில் சுரங்க உரிமை பெற்றார். பெரும் பணக்காரர் ஆனார். கல்லைக் கண்டெடுத்த லெவாலாவுக்கு எந்தப் பங்கும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானிய அரசு அந்தப் பாலைவனத்தின் பெரும் பகுதியைத் தடை செய்யப்பட்ட வட்டாரம் என்று அறிவித்து, பொதுமக்கள் நுழைய முடியாதபடி செய்துவிட்டது.

வைரம் கிடைத்த இடத்தில் கோல்மான்ஸ்கோப் என்னும் ஊர் முளைத்தது. இன்று சுற்றுலா வண்டிகள் தவறாமல் நிற்கும் இடம் இது. மருத்துவமனை, நாடக மண்டபம், பந்து விளையாடும் கூடம், பனிக்கட்டி ஆலை என்று அந்த வனாந்தரத்தில் என்னதான் இல்லை! குடிநீர் கூடக் கேப் டவுனிலிருந்து கப்பலில் வந்தது. ஊர் செழித்திருந்த காலத்தில் சுமார் 300 ஜெர்மானியப் பெரியவர்களும் 40 குழந்தைகளும் அங்கே வாழ்ந்தார்கள். அவர்களோடு, வடக்கேயிருந்து வந்த ஓவாம்போ ஒப்பந்தத் தொழிலாளர்கள் 800 பேர் இருந்தார்கள். தொழிலாளர்கள் வரிசையாக முழங்காலிட்டு, மணலில் தவழ்ந்தபடியே வைரம் பொறுக்கும் பழைய படங்கள் உண்டு. மருத்துவமனையில் இருந்த எக்ஸ்ரே கருவி நோய் பார்ப்பதற்கு மட்டும் பயன்படவில்லை. தொழிலாளர்கள் வைரத்தை விழுங்கியிருக்கிறார்களா என்று சோதிக்கவும் பயன்பட்டது.

1928இல் தெற்கே ஆரஞ்சு ஆற்று முகத்துவாரத்துக்கு அருகில் இன்னும் பெரிய வைரங்கள் கிடைத்தன. முதலாளிகள் அங்கே போனார்கள். கோல்மான்ஸ்கோப் மெல்ல மெல்லத் தேய்ந்து, 1956இல் ஆளில்லாத ஊராகிவிட்டது. இன்று சன்னல் வழியே மணல் புகுந்து அறைகளில் இடுப்பளவு கிடக்கிறது. பயணிகள் அந்த அழகைப் படம் பிடிக்கிறார்கள். ஆனால், அந்த வீடுகளுக்குச் சோறு போட்ட 800 பேரின் பெயர்களை எந்தச் சுவரிலும் காண முடியாது.

அந்தத் தொழிலாளர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1915இல் தென்னாப்பிரிக்கப் படை ஜெர்மானியரைத் தோற்கடித்தது. ஆட்சி கைமாறியதே தவிர ஒப்பந்தமுறை மாறவில்லை. 1943இல், சுவான்லா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒன்று அமைந்தது. வேலை தேடி வந்தவர்களை மருத்துவர் சோதித்து, உடல் வலிமைப்படி தரம் பிரிப்பார். அடையாள வில்லை ஒன்று தரப்படும். எந்த முதலாளி, என்ன வேலை என்பதைத் தொழிலாளி தேர்ந்தெடுக்க முடியாது. ஒப்பந்தம் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை. மனைவி மக்களை அழைத்து வரக் கூடாது. பாதியில் விட்டுப் போனால் குற்றம். நம் மலாயாவிலும் சஞ்சிக்கூலி முறை 1910 வரை இருந்தது. கங்காணிமார் ஆள் சேர்த்த முறை 1938இல்தான் நின்றது. ஆகவே இந்த விவரங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

இப்போது நம் வண்டி கடற்கரையோரமாக வடக்கே திரும்பி வால்விஸ் பே துறைமுகத்துக்கு வருகிறது. பூநாரைகளைப் பார்ப்பதற்காகப் பயணிகள் இங்கே இறங்குகிறார்கள். இந்த ஊரின் மீன் ஆலைகளிலும் ஒப்பந்தத் தொழிலாளர்களே உழைத்தார்கள். விருப்பப்பட்டுத்தானே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள், இதில் அடிமைத்தனம் எங்கே என்று ஆட்சியாளர் தரப்பில் பேசினார்கள். அந்தப் பேச்சு தொழிலாளர்களைச் சுட்டது. ஊருக்கு ஊர் கடிதங்கள் பறந்தன. 1971 டிசம்பர் 13ஆம் நாள் வின்ட்ஹூக்கில் வேலைநிறுத்தம் வெடித்தது. வால்விஸ் பேயும் சுரங்கங்களும் சேர்ந்துகொண்டன. அடுத்த மாதத்துக்குள் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டு வெளியேறி, தங்கள் வடக்குக் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். சுரங்கங்களும் ஆலைகளும் ஆட்டம் கண்டன. 1972இல் சுவான்லா கலைக்கப்பட்டது. குடும்பத்தோடு வாழும் உரிமை உடனே கிடைத்துவிடவில்லை என்பது உண்மை. எனினும், கையெழுத்துப் போட்ட கைகள் அதை மறுக்கவும் முடியும் என்பதை அந்த நாடு கண்டது.

நம் பயணத்தின் கடைசி இடம், வடக்கே உள்ள எத்தோஷா வனவிலங்குக் காப்பகம். 1907இல் அமைந்தது. நடுவே சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு வெள்ளை உப்புத் தரை. நீர்நிலைகளுக்கு அருகில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தால் போதும். யானையும் சிங்கமும் வரிக்குதிரையும் காண்டாமிருகமும் தாமாகவே வரும். ஆனால் இந்தக் காட்டில் விலங்குகள் மட்டுமே வாழ்ந்துவந்தன என்று எண்ணிவிடாதீர்கள். ஹைஓம் என்னும் வேட்டைக்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். 1954இல் அவர்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். சொந்தக் காட்டை இழந்த அவர்கள், பக்கத்துப் பண்ணைகளிலும் காப்பகத்திலும் கூலிகளானார்கள்.

நமீபியா 1990 மார்ச் 21ஆம் நாள் விடுதலை பெற்றது. அதற்கு முந்திய ஆண்டு ஐக்கிய நாட்டுச் சபையின் மேற்பார்வையில் தேர்தல் நடந்தபோது, அமைதி காக்கச் சென்ற படைகளில் பின்லாந்து, கென்யா நாட்டுப் படைகளோடு நம் மலேசியப் படையும் இருந்தது என்பது நமக்குப் பெருமை. 2021 மே மாதத்தில், ஹெரேரோ, நாமா மக்களுக்கு அன்று செய்தது இனப்படுகொலையே என்று ஜெர்மானிய அரசு ஒப்புக்கொண்டது. நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு அந்தச் சொல் வந்தது.

நேயர்களே, அத்தனை ஆயிரம் தொழிலாளர்களில் லெவாலாவின் பெயராவது நமக்குக் கிடைத்தது. கல்லைக் கண்டெடுத்தவர் இவர்தான் என்று எவரோ சொல்லி வைத்ததால் கிடைத்தது. மற்றவர்கள் பெயர்கள் மணலோடு போயின. நம் தோட்டங்களிலும் காட்டை வெட்டியவர்கள், பால்மரம் நட்டவர்கள், சாலை போட்டவர்கள் இருந்தார்கள். பல தோட்டங்கள் இன்று இல்லை, லயங்களும் இல்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியின் அருகில் உட்காரச் சொல்லுங்கள். எந்த ஆண்டில் வந்தார்கள், எந்தத் தோட்டம், எந்த நிரையில் மரம் சீவினார்கள், கூட வேலை செய்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதி வைக்கட்டும். இன்று இரவே தொடங்கலாம்.