தரைப்படையா, விமானப்படையா?



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையை நானும் பார்த்தேன். ஒருவன் தரைப்படையில் பதினேழு வருஷம் இருந்தவன், இன்னொருவன் விமானப்படை. "நாங்க இல்லாம யுத்தமே கிடையாது" என்கிறான் இவன். "பிளஸ் டூவுல கணக்கு, பிசிக்ஸ் பாஸ் பண்ணாத்தான் எங்க பக்கமே வர முடியும்" என்கிறான் அவன். இரண்டு பேருக்கும் வரலாறு எடுத்தவன் நான். சும்மா இருக்க முடியுமா?

சாத்தூர்ப் பக்கம் இந்த ஏற்றத்தாழ்வு கல்யாணப் பேச்சிலேயே தெரியும். தரைப்படை என்றால் வெறும் 'மிலிட்டரிக்காரர்'. 'மாப்பிள்ளை ஏர்ஃபோர்ஸ்' என்னும்போது மட்டும் தரகர் குரல் ஒரு படி ஏறும். டெல்லியில் அப்படியே தலைகீழ், அங்கே அண்ணன் தரைப்படைதான்.

இங்கிலாந்தில் மூத்த படை கடற்படை. இந்தியாவிலோ 1947 வரை முப்படைக்கும் மேலே ஒரே தளபதி, அவரும் தரைப்படைக்காரர். சுதந்திரத்தன்றுதான் மூன்றுக்கும் தனித்தனித் தலைமை வந்தது. தரைப்படைக்கு 1949-லேயே கரியப்பா வந்துவிட்டார். இந்தியர் ஒருவர் தலைவராக வர விமானப்படை 1954 வரைக்கும், கடற்படை 1958 வரைக்கும் காத்திருந்தன. ஐந்து நட்சத்திரப் பதவியும் அப்படித்தான். மானெக்‌ஷாவுக்கு 1973-ல் கிடைத்தது, விமானப்படையின் அர்ஜன் சிங்குக்கு 2002-ல். கடற்படையில் இன்னும் ஒருவருக்கும் இல்லை.

இது வெறும் கௌரவப் பிரச்சினையாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

1999 மே மாதம், கார்கில். மலை உச்சியில் ஊடுருவியவர்களை அடிக்கத் தாக்குதல் ஹெலிகாப்டர் கேட்டது தரைப்படை. அந்த ஹெலிகாப்டர் அவ்வளவு உயரத்தில் வேலை செய்யாது, விமானத்தை இறக்கினால் போர் பெரிதாகும், அரசு அனுமதி வேண்டும் என்றார் விமானப்படைத் தளபதி டிப்னிஸ். பேச்சிலேயே நாட்கள் போயின. முதல் குண்டு விழுந்தது மே 26-ல். மே 28-ல் நம் எம்.ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். ஓய்வு பெற்றபின் டிப்னிஸும் தரைப்படைத் தளபதி மாலிக்கும் ஆளுக்கொரு கணக்கு எழுதினார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

போருக்குப் பின் அரசு அமைத்த ஆய்வுக் குழுவின் தலைவர் கே. சுப்ரமணியம், நம் திருச்சியில் பிறந்தவர். தொடர்ந்து 2001-ல் அமைச்சர்கள் குழு, முப்படைக்கும் பொதுவாக ஒரு தலைமைத் தளபதி வேண்டும் என்றது. அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தது 2020 ஜனவரி 1-ல். தாமதத்துக்குக் காரணங்கள் பல, விமானப்படையின் எதிர்ப்பு அதில் முக்கியமானது.

அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை என்று தீயணைப்பு வண்டிகளைப் பங்கு பிரித்து, எல்லை தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டால் என்ன ஆகும்? பட்டாசு ஆலை எங்கே வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? இருக்க வேண்டியது 42 போர் விமான அணிகள், இருப்பது அதைவிட எவ்வளவோ குறைவு. அதையும் ஒவ்வொரு எல்லைக்கும் பிரித்துக் கொடுத்தால் கைக்கு எட்டாது என்பது அவர்கள் வாதம். ஆனால் பள்ளத்தாக்கில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்த சிப்பாயிடம் இந்த வாதத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

முதல் தலைமைத் தளபதி பிபின் ராவத், தரைப்படைக்காரர். 2021 ஜூலையில், பீரங்கிப் படை மாதிரி விமானப்படையும் ஒரு துணைப் படைதான் என்ற பொருளில் பேசிவிட்டார். அன்றைக்கே விமானப்படைத் தளபதி பதௌரியா, துணை மட்டுமல்ல என்று மறுத்தார்.

ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 8. சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டரில் ராவத் வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் புறப்பட்டார். முப்படை அதிகாரிகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற இடம் அது. குன்னூர் நஞ்சப்பசத்திரத்துக்கு மேலே மேகத்துக்குள் போன ஹெலிகாப்டர் திரும்பி வரவில்லை. ராவத், அவர் மனைவி உட்பட 13 பேர் அன்றே போனார்கள். பதினான்காவது ஆள், விமானப்படை குரூப் கேப்டன் வருண் சிங், ஒரு வாரம் போராடி இறந்தார். ராவத்தின் நாற்காலி ஒன்பது மாதத்துக்கு மேல் காலியாகவே கிடந்தது.

இனி நீங்கள் இருவரும் குழுவில் தொடரலாம், நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்தவும் செய்யலாம். ஏர்ஃபோர்ஸ் தம்பி மட்டும் பிளஸ் டூ கதையை இழுக்காதே. உன் பிசிக்ஸ் மார்க் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.